டிரில் உடைகிற சத்தம்

நாலு மில்லி டிரில் உடையும்போது பெரிதாக எந்தச் சத்தமும் வராது. வறுத்த கடலையைக் கடித்தால் 'டிக்' என்று வருமே, அவ்வளவுதான். மிஷின் இரைச்சலுக்குள் அந்த ஒரு 'டிக்' விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஐந்து வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது.

பிறவியில் வந்ததில்லை. கல்யாணமான புதிதில் அடுப்படியில் நான் முணுமுணுப்பதைக்கூட வாசலில் இருந்தே கேட்டு, "என்னது, என்னையவா வையுற?" என்று வந்து நிற்கிறவர்தான். இளவயதில் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் மிஷின் பழுது பார்க்கிற வேலை. பதினேழு வருஷம் அந்த இரைச்சலுக்குள்ளேயே கிடந்தார். காதில் எதையாவது வைத்து அடைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "காத அடைச்சுக்கிட்டா மிஷினு என்ன சொல்லுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்பார். பிறகு மில்லை விட்டுவிட்டுத் திருச்சுழி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்தோம். முதலில் ஒரு லேத், இரும்பைக் கடைகிற மிஷின். கொஞ்ச வருஷம் கழித்துக் கோயம்புத்தூரில் இருந்து ஒரு பழைய சிஎன்சி மிஷின். அதற்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் எழுதி வைத்தபடி மிஷினே வெட்டுகிற டூலை மாற்றி, இரும்பைச் செதுக்கி, ஓட்டையும் போட்டுவிடும். கொட்டகைக்கு மூன்று பக்கமும் கரிசல் காடு, அதில் பாதி சீமைக்கருவேல். நாலாவது பக்கம் ரோடு.

என் வேலை பிசிறு எடுப்பது. ஓட்டை போட்ட இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் இரும்பு முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை அரத்தால் ராவி, ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுச் சுத்தம் பண்ணித் தட்டில் அடுக்க வேண்டும். மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அரத்தோடு உட்கார்ந்துவிட்டால், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே டூலின் உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும். புது டூல் வெட்டும்போது புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். இரும்புச் சீவல் வெள்ளையாகச் சுருண்டு விழும். முனை மழுங்க ஆரம்பித்தால் சீவலில் நீலம் பாயும். வெட்டிய இடத்தைத் தடவினால் விரலில் சொரசொரக்கும். அதற்கு மேலும் விட்டால் 'கீ' என்று ஒரு அழுகை. அப்போதும் கவனிக்காவிட்டால் உடைந்து, கூடவே செதுக்குகிற பீஸையும் கெடுத்துவிட்டுப் போகும். மழுங்குவதற்கும் உடைவதற்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. சீக்கிரம் மாற்றினால் டூல் வீண். தாமதித்தால் எல்லாமே வீண்.

அவருக்குக் காது போனது எனக்கு ஒரே நாளில் தெரிந்தது. கொட்டகைக்குப் பின்னால் தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே டூல் அலறுகிறது. ரோட்டில் ஆடு பத்திக்கொண்டு போனவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். ஈரக்கையோடு ஓடினால், இவர் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார். நான் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். "எதுக்குப் புள்ள நிப்பாட்டுன?" என்றவர் டூலைக் கழற்றிப் பார்த்தார். முனையே இல்லை, கருகிப் போயிருந்தது. அதை உள்ளங்கையில் உருட்டினார். "எனக்குக் கேக்கல" என்றார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிக் காது மிஷின் வாங்கி மாட்டினோம். பட்டறைக்குள் அதை மாட்டினால் மோட்டார், கம்ப்ரசர், ரோட்டில் போகிற லாரி எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் இறங்குகிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சட்டப்பைக்கு நல்லாக் கேக்குதாம்" என்று நான் வந்தவர் போனவரிடமெல்லாம் கிண்டல் அடிப்பேன். அதையும் என் உதட்டைப் பார்த்தே படித்துவிட்டுச் சிரிப்பார். முகத்துக்கு நேராக நின்று பேசினால் அவருக்கு எல்லாம் புரியும். பேச்சு பிடிக்கவில்லையென்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதற்குப் பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் தகரத்துக்குத்தான் கேட்கும்.

பெரிய டூல்களை அவர் கண்ணாலேயே சமாளித்தார். மிஷின் திரையில் லோடு என்று ஒரு கோடு உண்டு. டூல் மழுங்கினால் மிஷின் கூடுதலாகத் தம் கட்ட வேண்டும், கோடு ஏறும். சீவலின் நிறம் வேறு இருக்கிறது. ஆனால் இந்த நாலு மில்லி டிரில் இருக்கிறதே, அது மழுங்கினாலும் கோடு அசையாது, உடைந்தாலும் அசையாது. அவ்வளவு பெரிய மிஷினுக்கு அது ஒரு ஊசி. அதைக் காதால் மட்டும்தான் பிடிக்க முடியும். அதனால் டிரில் வேலை நடக்கிற நாட்களில் நான்தான் அவருக்குக் காது. சத்தம் மாறினால் பஞ்சு வேஸ்ட்டை உருட்டி அவர் முதுகில் எறிவேன். திரும்பிப் பார்ப்பார். நான் கையைத் தூக்கிக் காட்டினால் டிரில் மழுங்கிவிட்டது. விரலை ஒடிப்பது போலக் காட்டினால் உடைந்துவிட்டது. வீட்டில் காலையில் சண்டை நடந்திருந்தால் அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் பலமாக எறிவதுண்டு.

இடுப்பு வலிக்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும். நான் புலம்பாத நாள் கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழித்து ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு நூறு தடவை பெண்டாட்டி முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார். எந்த வீட்டில் நடக்கும்?

போன வருஷம் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். மதுரையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடித்து இங்கே கூட்டி வருவதாக இருந்தோம். அதற்குள் டாக்டர், பிரயாணமே கூடாது, படுக்கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான்தான் போய் இருந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனியில் இருந்து மில் மிஷினுக்கான பிராக்கெட் ஆர்டர். கை அகல இரும்பு. அதற்குள் பேரிங் உட்காரும். பேரிங்குக்கு எண்ணெய் போக ஒரே ஒரு நாலு மில்லி ஓட்டை. அந்த ஓட்டை இல்லையென்றால் பேரிங் எண்ணெய் இல்லாமல் சுற்றிச் சுற்றி எரிந்தே போகும்.

"நான் போயிட்டா டிரிலு ஒடயிறத யாரு பாப்பா?" என்று கேட்டேன். அவர் அதை முன்னாடியே யோசித்து வைத்திருந்தார். அருப்புக்கோட்டையில் இருந்து எலெக்ட்ரீசியனை வரவழைத்து மிஷினுக்குள் இரண்டு சின்னக் கண்களைப் பொருத்தினார். பட்டன் அளவு கண்ணாடி. ஒன்று ஒளியை விடும், எதிரில் இருப்பது வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பீஸ் முடிந்ததும் டிரில் அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து ஒரு நொடி நிற்கும். டிரில் முழுசாக இருந்தால் ஒளி மறைந்துவிடும், தலைக்கு மேலே பச்சை விளக்கு எரியும். டிரில் உடைந்திருந்தால் மறைக்க எதுவும் இருக்காது, ஒளி நேராகப் போய்ச் சேரும், சிவப்பு விளக்கு சுற்றும். பீஸைக் கழற்றி மாட்டுவதற்காக மிஷின் எப்படியும் அந்த நேரத்தில் நிற்கும். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தால் போதும். மழுங்குவதைத்தான் அது சொல்லாது. அதற்குத் தினமும் காலையில் புது டிரில் போட்டுவிடுவது என்று அவரே ஒரு வழி வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்த அன்றைக்கு டிரிலை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்டிக் காண்பித்தார். சிவப்பு விளக்கு சுற்றியது. அடுத்து டிரிலை மாட்டினார், பச்சை. மறுபடியும் கழற்றினார், சிவப்பு. மூன்று தடவை. புதுச் சைக்கிள் வாங்கிய பையன் மாதிரி முகம். "இனிமே நீ நிம்மதியாப் போயிட்டு வா. எனக்கு யாரும் காவலுக்கு உக்கார வேணாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் வேணாமுல்ல" என்றேன். "வேணாம்னு எவன் சொன்னான், டீ போட ஆள் வேணாமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் போய் டீ போட்டேன். மனசு மட்டும் கொஞ்சம் கனமாகவே இருந்தது. அவருக்கு ஒரு காது கிடைத்ததில் சந்தோஷப்படாமல் இருக்க நான் என்ன கல்லா? ஆனாலும் இருந்தது.

நான் மதுரைக்குக் கிளம்புவதற்கு நாலு நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, மிஷினைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் வைத்து, எங்களுக்கு அதுதான் தீபாவளியைவிடப் பெரிய நாள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. லேத்துக்கு, சிஎன்சிக்கு, கம்ப்ரசருக்கு, அரத்துக்கு, அளவு பார்க்கிற வெர்னியருக்கு, அவர் பைக்குக்கு, என் ஸ்டூலுக்கும்கூட. கடைசியாக மிஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். புதிதாக வந்த இரண்டு கண்ணும் ஒன்றும் இல்லாமல் மூளியாக உட்கார்ந்திருந்தன. வீட்டுக்கு வந்த புதுப்பெண்ணை அப்படி விடலாமா? நான் போன பிறகு என் புருஷனைப் பார்த்துக்கொள்ளப் போவதே அவைதானே. மோதிர விரலால் சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, இரண்டு கண்ணாடியின் நடுவிலும் வட்டமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் மிஷினுக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். எண்ணெயிலும் தண்ணீரிலும் கரைந்து அதுவாகப் போக வேண்டும். அவரும் தொடவில்லை, அந்தக் கண்கள் பக்கம் குனிந்து பார்க்கவும் இல்லை.

மதுரையில் தினமும் சாயந்தரம் வீடியோ காலில் வருவார். பேச்சு கிடையாது. போனைத் தூக்கிப் பச்சை விளக்கைக் காட்டுவார். பிறகு அன்றைக்கு முடித்து அடுக்கிய பீஸ்களைக் காட்டுவார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். பேத்தி பிறந்த அன்றைக்கு நான் குழந்தையைக் காட்டினேன், அவர் பச்சை விளக்கைக் காட்டினார். ஆர்டரின் கடைசி நாள் மட்டும் அவர் காலில் வரவில்லை. மறுநாள், லோடு ஏற்றியாயிற்று, இப்போது லேத் வேலை பார்க்கிறேன் என்று எழுதி அனுப்பினார். என் பக்கத்தில் படுத்திருந்த மகளிடம் பெருமையாகக் காட்டினேன்.

நான் ஊர் திரும்பிய மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி லோடு வண்டி வந்து கொட்டகை முன்னால் நின்றது. கம்பெனியின் இளவயசு இன்ஜினியர் தம்பி இறங்கினார். வண்டியில் எங்கள் பிராக்கெட். அவர் ஒன்றை எடுத்து, ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் காட்டினார். கம்பி கால் விரற்கடைகூடப் போகவில்லை. இன்னொன்று, அதுவும் அப்படித்தான். டிரில் இறங்குவதற்கு முன்னால் வேறொரு டூல் வாயை மட்டும் குழித்துக் கொடுக்கும். அந்தக் குழியில் எண்ணெய்த் தண்ணீரும் சீவலும் தேங்கினால் பார்வைக்கு ஓட்டை மாதிரியேதான் இருக்கும். கடைசி நாள் ஓட்டிய பீஸ் அத்தனையிலும் வெறும் வாய் மட்டும்தான். மிஷினில் மாட்டியபடி இருந்த டிரிலை என் வீட்டுக்காரர் கழற்றிப் பார்த்தார். அடியோடு உடைந்திருந்தது. அந்தக் கடைசி நாள் காலையிலேயே உடைந்திருக்கிறது. கம்பி விட்டுப் பார்க்க நானும் இல்லை. ஒரு நாள் பூராவும் டிரில் இல்லாமலே ஓட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. முன்பின் தெரியாத தம்பி நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "அம்புட்டுப் பெரிய வெளக்கு தலைக்கு மேல செவப்பாச் சுத்துமே, அதுகூடவா தெரியல? கண்ணும் போச்சா உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உறைத்தது. ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தார்.

"தெரியல புள்ள" என்றார். அவ்வளவுதான்.

இன்ஜினியர் தம்பி நல்லவர். சனிக்கிழமைக்குள் ஓட்டை போட்டுக் கொடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று பீஸ்களை இறக்கி வைத்துவிட்டுப் போனார். வண்டி போனதும் இவர் மிஷின் சுவிட்சை அணைத்தார். "நான் இனி இதத் தொட மாட்டேன். காது இல்லாமச் சமாளிச்சேன். கண்ணும் இல்லாம என்னத்த ஓட்டுறது? நாளைக்கு எவன் கையாவது உள்ள போகும்" என்றார். மிஷின் கோளாறாக இருக்கலாம் என்ற பேச்சே அவரிடம் இல்லை. விளக்கை அவரே மூன்று தடவை போட்டுப் பார்த்தவர் ஆயிற்றே. புதன்கிழமை குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவிட்டு வந்தார். திங்கட்கிழமை முதல் வர வேண்டுமாம். "பகல் வேலதேன். கேட்டத் தொறந்து மூடணும். லாரி எம்புட்டு பெருசு, அதாச்சும் கண்ணுல படுமுல்ல" என்றார். அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது.

நானும் சும்மா இருந்தேனா? மல்லாங்கிணறு ஊரில் இருக்கிற கொழுந்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மகளிடம் சொன்னேன். "ஒங்கப்பாவுக்குக் கண்ணும் மங்கிருச்சு, ஒரு நாள் பூரா செவப்பு எரிஞ்சும் தெரியல" என்று அழுதேன். ஊர் பூராவும் பரப்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைக்குள் பீஸ்களை முடிக்க வேண்டுமே. பொத்தான் அமுக்க எனக்கும் தெரியும். மிஷினை நான் ஓட்டினேன். அவர் என் ஸ்டூலில், மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பிசிறு எடுத்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பியை விட்டு விட்டுப் பார்த்தார், ஒரு தடவைக்கு மூன்று தடவையாக. வியாழக்கிழமை டிரில் லேசாகக் கீச்சிட்டது. நிறுத்தி, பழையதைக் கழற்றினேன். அந்த நேரம் மகள் போன். குழந்தை பால் குடிக்கவில்லை என்று அழுகிறாள். அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்து, ஏதோ ஞாபகத்தில் புது டிரிலைப் போடாமலே பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

மிஷின் இறங்கியது, ஏறியது. டிரில் இல்லாத மொட்டைப் பிடி இரண்டு கண்ணுக்கும் நடுவில் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது.

உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். எண்ணெய்த் தண்ணீர் தெறிக்காமல் இருக்க அந்தக் கண்களுக்கு மேலே எலெக்ட்ரீசியன் தகரத்தில் மறைப்பு வைத்திருந்தார். அதனால் மற்ற பொட்டெல்லாம் எப்போதோ போயிருக்க, அந்த இரண்டு மட்டும் வைத்தது வைத்தபடியே இருந்தன. சந்தனம் காய்ந்து வெடித்து, என் மோதிர விரல் ரேகையோடு. அதுதான் ஒளியை மறைத்துக்கொண்டு, டிரில் இருக்கிறது இருக்கிறது என்று ஆயுத பூஜையில் இருந்து மிஷினிடம் பொய் சொல்லியிருக்கிறது. முந்தானையை எடுத்து இரண்டையும் துடைத்தேன். மறுபடி ஓட்டினேன். சிவப்பு விளக்கு தலைக்கு மேலே சுற்றியது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை. நான் பொத்தானை அமுக்கி மிஷினை நிறுத்தினேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் பூராவும் அவர் கண்ணைக் குறை சொல்லிவிட்டு, நான்தான் கண்ணை அடைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? வெட்கம். அதைவிடப் பயம். போய் அவர் முன்னால் நின்று, "ஒயரு லூசா இருந்துச்சுங்க. அதுதேன் வெளக்கு எரியல. நான் முறுக்கிவிட்டுட்டேன்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் படிக்கிறது உதட்டை மட்டும் இல்லை. "எனக்காக ஒயர லூசாக்காத" என்றார். அரத்தை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பொய் என்று சரியாகத்தான் கண்டுபிடித்தார், எதற்கான பொய் என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பழைய காக்கிக் கால்சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

சனிக்கிழமை காலையில் இன்ஜினியர் தம்பி வந்தார். கம்பி விட்டுப் பார்த்துத் திருப்தியோடு பீஸ்களை ஏற்றிக்கொண்டார். அடுத்த ஆர்டர் தாளை நீட்டினார். இவர் அதைக் கையில் வாங்கவில்லை. "இனிமே இங்க மிஷினு ஓடாது தம்பி. வேற நல்ல பட்டறையாப் பாத்துக்கங்க. எனக்குக் கண்ணு சரியில்ல" என்றார். கூச்சமே இல்லாமல், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் தன் குறையைத் தன் வாயால் அன்னியரிடம் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏங்க, இங்கிட்டுப் பாருங்க" என்று முன்னால் போனேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் திருப்பினார். காது கேட்கிற புருஷனாக இருந்தால் தனியாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். இன்ஜினியர் தம்பி சங்கடப்பட்டு வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார். டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நாந்தேன். ஆயுத பூசைக்கு அந்தக் கண்ணாடி மேல சந்தனத்த அப்புனது நாந்தேன். அது மறைச்சுக்கிருச்சு. செவப்பு எரியவே இல்ல" என்று கத்தினேன்.

அவர் என் கைகளை மெதுவாக விலக்கினார். "மொத ஒயருன்ன. இப்பப் பொட்டுங்கிற. விடு புள்ள, நான் ஒண்ணும் நெனைக்கல" என்றார்.

சந்தனத்தைத்தான் நானே துடைத்துவிட்டேனே. காட்டுவதற்கு என்ன இருக்கிறது? சாமி படத்துக்குக் கீழே இருந்த சந்தனப் பொட்டலத்தை எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிஷின் முன்னால் நிறுத்தினேன். டிரிலைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பொத்தானை அமுக்கினேன். சிவப்பு சுற்றியது. நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கண்ணாடியிலும் அன்றைக்கு வைத்த மாதிரியே அப்பினேன். பொத்தானை அமுக்கினேன். டிரில் அவர் கையில் இருக்கிறது. விளக்கு பச்சை.

அவர் விளக்கைப் பார்த்தார். கையில் இருந்த டிரிலைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்குச் செவப்பு எரியவே இல்லையா?" என்றார்.

"இல்லங்க."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும் பச்சதேன்."

அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார். பிறகு என்னை வைய ஆரம்பித்தார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று தெரியாது. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "பொட்டு வைக்க வேற எடமா இல்ல? இம்புட்டுப் பெரிய மிஷினுல நெத்தி எது கண்ணு எதுன்னு தெரியாதா உனக்கு? எல்லாத்துலயும் அவசரம், எல்லாத்துலயும் வாயி. கண்ணும் போச்சான்னு கேட்டியே. நாலு நாளா ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு ஒத்தக் கண்ணால காலண்டரப் படிச்சுப் பாக்குறேன் புள்ள. இந்தக் கண்ணு, அப்புறம் அந்தக் கண்ணு. எழுத்தெல்லாம் தெரியுது. பொடி எழுத்தும் தெரியுது. தெரியுதே, அப்புறம் எப்பிடி அந்தச் செவப்பு மட்டும் எனக்குத் தெரியாமப் போச்சுன்னு..." துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார். என் அம்மா வீட்டை வைதார். என் சமையலை வைதார்.

நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. கண்ணீர் வழிய நிமிர்ந்தே நின்றேன். இன்ஜினியர் தம்பிக்குப் பொறுக்கவில்லை. கிட்டே வந்து, "அண்ணே, போதும் விடுங்க, பாவம் அக்கா" என்று அவர் தோளைத் தொடப் போனார்.

நான் கையை நீட்டித் தடுத்தேன். "இருங்க தம்பி. மூணு நாளாச்சு, அவுக எங்கூடச் சரியா வாயத் தெறந்து பேசி. வையட்டும்" என்றேன்.